முப்பது ஷில்லிங் பைரனும் ஒரு ஷில்லிங் பைரனும்

1812 மார்ச்சில், லண்டன் ஃப்ளீட் தெருவில் கடை வைத்திருந்த பதிப்பாளர் ஜான் மரே, பைரன் என்ற 24 வயது பிரபு ஒருவரின் நெடுங்கவிதையை வெளியிட்டார். 'சைல்ட் ஹரால்டின் யாத்திரை', முதல் இரண்டு காண்டங்கள். மூன்றே நாளில் பிரதிகள் தீர்ந்தன. "ஒரு நாள் காலை கண் விழித்தேன், புகழ் வந்திருந்தது" என்று பைரன் குறித்து வைத்ததை அவருடைய நண்பர் தாமஸ் மூர் பின்னாளில் வெளியிட்டார். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் எல்லோரும் அந்த வரியைக் கேட்டிருப்பார்கள். அன்று அச்சானது எத்தனை பிரதி என்பது மட்டும் பேச்சில் வருவதில்லை. 500.

விலை 30 ஷில்லிங். அன்றைய இங்கிலாந்தில் பண்ணை வேலை செய்யும் ஓர் ஆளுக்கு வாரக்கூலி ஏறத்தாழ 10 முதல் 15 ஷில்லிங். இரண்டு மூன்று வாரம் வீட்டில் அடுப்பெரிக்காமல் இருந்தால் ஒரு புத்தகம் வாங்கலாம். ஆக, பைரனுக்கு ஒரே இரவில் வந்த புகழ் பிரபுக்களின் மாளிகைகளுக்குள் வந்த புகழ். நாடு முழுவதும் அவரைப் படித்தது பிற்பாடுதான். அந்த வாசிப்பு வேறு வழியாக வந்தது, பல நேரம் பைரனுக்கும் மரேக்கும் ஒரு காசுகூடத் தராத வழியாக.

விலையைப் புரிந்துகொள்ளப் புத்தகத்தின் உடம்பைப் பார்க்க வேண்டும். முதல் பதிப்பு வந்தது குவார்ட்டோ அளவில். ஒரு முழுத் தாளை இரண்டு முறை மடித்தால் நான்கு இலை, எட்டுப் பக்கம். பெரிய பக்கம், பெரிய எழுத்து, நாலாபுறமும் தாராளமான வெள்ளை. அதே தாளை மூன்று முறை மடித்தால் ஆக்டேவோ: எட்டு இலை, 16 பக்கம். (நம் அச்சகங்களில் 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்று எண்ணுவதும் டெம்மி, கிரவுன் என்று அளவு சொல்வதும் இந்த வழி வந்தவைதான்.) அன்று புத்தகச் செலவில் பெரும்பங்கு தாளுக்கே போனது, கந்தல் துணியிலிருந்து செய்த தாள், வரி வேறு. மடிப்பு கூடினால் விலை இறங்கும். வாங்கியவருக்கு வந்து சேர்ந்ததும் சாதாரண அட்டை போட்ட, பக்கங்கள் வெட்டப்படாத கட்டுதான். வெட்டுக்கத்தியால் ஒவ்வொரு மடிப்பாக வெட்டிப் படித்து, பிறகு பைண்டரிடம் கொடுத்துத் தோல் அட்டை போட்டுக்கொள்வது வாங்கியவர் பாடு, அவர் செலவு.

மரே கெட்டிக்காரர். பணக்காரர் கையில் குவார்ட்டோ போய்ச் சேர்ந்ததும் அடுத்த பதிப்பை ஆக்டேவோவுக்கு மாற்றினார், விலை 12 ஷில்லிங். முதலில் உச்சி, பிறகு ஒரு படி கீழே. வோர்ட்ஸ்வொர்த்தின் 'எக்ஸ்கர்ஷன்' 1814இல் இதே குவார்ட்டோ அளவில், இதே 500 பிரதிதான் அச்சானது. அதற்கு இரண்டாம் பதிப்பு வர 1820 ஆனது.

அடுத்து வந்தவை கீழைநாட்டுக் கதைகள்: 'ஜவுர்', 'அபைடோஸ் மணப்பெண்', 'கோர்சேர்'. இவை மெல்லிய ஆக்டேவோக்கள், ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம். 1814 பிப்ரவரி 1 அன்று வெளிவந்த 'கோர்சேர்' முதல் நாளிலேயே 10,000 பிரதி விற்றது; விலை ஐந்தரை ஷில்லிங். இப்படி ஒன்று நடந்ததே இல்லை என்று மரேயே வியந்து பைரனுக்கு எழுதினார்.

'ஜவுர்' இன்னும் சுவாரசியமான கேஸ். 1813இல் வந்த முதல் பதிப்பில் 700 வரிகூட இல்லை. பைரன் பதிப்புக்குப் பதிப்பு வரி சேர்த்துக்கொண்டே போனார். ஏழாம் பதிப்பில் அது 1,334 வரி. முதல் பதிப்பை ஆவலோடு ஓடி வாங்கியவர் கையில் இருந்தது பாதிக் கவிதை! புதுப் பதிப்பை மறுபடி வாங்கலாம், இல்லை என்றால் வாங்கியவரிடம் இரவல் பெற்று விட்டுப்போன வரிகளைத் தம் நோட்டில் எழுதிக்கொள்ளலாம். கவிதைகளை ஆல்பங்களில் கையால் எழுதி வைக்கும் பழக்கம் நடுத்தர வீட்டுப் பெண்களிடம் பரவலாக இருந்த காலம் அது. இந்த ஆல்பங்களில் கவிதை முழுசாக இருக்காது. பிடித்த பத்தி, பிரிவுத் துயரம், ஒரு கடல் வர்ணனை. மற்றதெல்லாம் கழிந்துவிடும்.

விற்பனை எண்ணிக்கையை வாசகர் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வது இந்த விஷயத்தில் பலரும் செய்யும் முதல் தவறு. சந்தா கட்டி எடுக்கும் வாடகை நூலகங்களில் ஒரு பிரதி பல கை மாறும். வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் தையல் வேலையோடு கேட்பார்கள். இரண்டாவது தவறு, பத்திரிகை மதிப்புரைகளையே மக்கள் கருத்தாக எடுப்பது. மதிப்புரைகள் பெயரில்லாமல் வந்தன. கட்சி சார்ந்து வந்தன. 'சைல்ட் ஹரால்ட்' மூன்றாம் காண்டத்தைப் பரிவோடு மதிப்பிட்டு வால்டர் ஸ்காட் எழுதிய கட்டுரை 'குவார்ட்டர்லி ரிவியூ'வில் வந்தது. அந்த இதழை வெளியிட்டவர் யார் என்று பார்த்தால், மரே!

அதனால் வாசகர்களின் சொந்தக் காகிதங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஜேன் ஆஸ்டின் 1814 மார்ச்சில் தம் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி: 'கோர்சேர்' படித்தாயிற்று, உள்பாவாடையைத் தைத்தாயிற்று, இனி வேறு வேலையில்லை. அவ்வளவுதான். லண்டனே பைத்தியமாகத் திரிந்த புத்தகத்துக்குக் கிழிந்த பாவாடைக்கு உள்ள இடம். அவருடைய 'பர்சுவேஷன்' நாவலில் காதலியைப் பறிகொடுத்த கேப்டன் பென்விக், ஸ்காட்டையும் பைரனையும் வரி வரியாக ஒப்பிக்கிறார். 'ஜவுர்' என்பதை எப்படி உச்சரிப்பது என்ற ஆராய்ச்சியும் நடக்கிறது. கதாநாயகி ஆன் அவருக்குச் சொல்லும் மருந்து, தினசரி வாசிப்பில் உரைநடையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள் என்பது. துயரக் கவிதையை அளவில்லாமல் உட்கொண்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் காலத்தில் இவ்வளவு கூர்மையாகக் கவனித்தவர்கள் குறைவு.

'பைரோமேனியா', அதாவது பைரன் பைத்தியம், என்ற சொல்லை 1812லேயே உண்டாக்கியவர் அனபெல்லா மில்பேங்க். அந்தப் பைத்தியத்தைப் பார்த்துச் சிரித்த அவரே 1815 ஜனவரியில் பைரனை மணந்தார். அடுத்த ஆண்டே பிரிந்தார்.

பைரனுக்கு முன்பின் தெரியாத வாசகர்கள், அதிலும் பெண்கள், கடிதம் எழுதினார்கள். பாதிக் கடிதங்களுக்குப் பெயர் இருக்காது, அல்லது புனைபெயர் இருக்கும். மணமான பெண்ணோ மணமாகாத பெண்ணோ, அப்படி ஓர் ஆணுக்குக் கடிதம் எழுதியது வெளியே தெரிந்தால் மானம் போகும். கேட்பது என்ன? கையெழுத்து, ஒரு மயிர்ச்சுருள், ஒரு முறை நேரில் பார்க்க அனுமதி. உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது என்பதுதான் எல்லாக் கடிதங்களின் அடிநாதம். பைரன் இவற்றைத் தூக்கி எறியவில்லை. கட்டிக் காத்தார். மரே குடும்பத்தின் கைவசம் இருந்த அந்தக் காகிதங்கள் இன்று எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

அவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டிய கடிதம் ஒன்று 1821 நவம்பரில் போனது. ஃப்ரோம் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் ஷெப்பர்ட் என்பவர் தம் மனைவி இறந்தபின் அவருடைய காகிதங்களைப் பார்க்கிறார். அதில் ஒரு பிரார்த்தனை. பெயர் சொல்லாமல், ஆனால் யாருக்காக என்று சந்தேகமின்றித் தெரியும்படி, பைரனின் ஆன்மா திருந்த வேண்டி எழுதியது. அதைப் படியெடுத்துப் பைரனுக்கே அனுப்பினார். டிசம்பரில் பீசாவிலிருந்து பதில் வந்தது: ஹோமர், சீசர், நெப்போலியன் மூவரின் புகழையும் சேர்த்துத் தந்தாலும் இந்தப் பிரார்த்தனையை அதற்கு மாற்றிக்கொள்ள மாட்டேன். கிண்டலே தொழிலாகக் கொண்டவர் எழுதிய பதிலில் கிண்டலின் சாயல்கூட இல்லை.

இப்படி எழுதியவர்கள் எல்லோரும் ஒரே விதமாகத்தான் படித்தார்கள்: கவிதையின் நாயகனே கவிஞர். ஏதோ சொல்லமுடியாத பாவம் செய்தவன், ஊரை வெறுத்தவன், உள்ளே மென்மையானவன், அது பைரன்தான். ஹரால்ட் கற்பனைப் பாத்திரம் என்று முன்னுரையில் பைரன் எழுதினார், ஒருவரும் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. கையெழுத்துப் பிரதியில் நாயகனுக்கு அவர் முதலில் வைத்த பெயர் 'சைல்ட் புரூன்', தம் குடும்பப் பெயரின் பழைய வடிவம். 1818இல் நான்காம் காண்டத்தின் முன்னுரையில் கையை விரித்துவிட்டார்: யாரும் பார்க்க விரும்பாத கோட்டைப் போட்டுக்கொண்டே இருந்து அலுத்துவிட்டது என்று.

அந்தக் கோடு முற்றாக அழிந்தது 1816இல். மனைவி பிரிந்துபோனதும் 'சென்று வா' என்று தொடங்கும் விடைபெறும் கவிதையை 50 பிரதி மட்டும் தனிச்சுற்றுக்கு அச்சிட்டார். ஏப்ரல் 14 அன்று 'சாம்பியன்' பத்திரிகை அதைக் கேட்காமலே வெளியிட்டது. மற்றப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. வீட்டுச் சண்டை ஊர்ப் பஞ்சாயத்தானது. கண்ணீர் விட்டவர்களும் உண்டு; மனைவியை ஊர் முன் குற்றவாளியாக்கும் தந்திரம் இது என்று கடிந்தவர்களும் உண்டு. ஏப்ரல் 25 அன்று பைரன் கப்பல் ஏறினார், உயிரோடு திரும்பவில்லை. ஆனால் விற்பனை? அந்த ஆண்டு இறுதியில் மரே புத்தக வியாபாரிகளுக்கு விருந்து வைத்தார். சாப்பாட்டு மேசையிலேயே 'சைல்ட் ஹரால்ட்' மூன்றாம் காண்டத்திலும் 'சில்லான் கைதி'யிலும் தலைக்கு 7,000 பிரதி விலைபோனது.

பிறகு வந்தது 'டான் ஜூவன்'. (ஸ்பானிய முறையில் உச்சரிக்கக் கூடாது, முதல் பாட்டிலேயே 'நியூ ஒன்', 'ட்ரூ ஒன்' என்பவற்றோடு எதுகை போட்டு, எப்படி உச்சரிக்க வேண்டும் என்று பைரனே சொல்லிவிடுகிறார்.) 1819 ஜூலை 15 அன்று முதல் இரண்டு காண்டங்கள் வெளிவந்தன. ஒழுக்கக்கேடான கவிதை என்று பழி வருமோ என மரே நடுங்கிக்கொண்டே வெளியிட்டார். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை, பதிப்பாளர் பெயர் இல்லை, அச்சடித்த தாமஸ் டேவிசன் பெயர் மட்டும். குவார்ட்டோ, 1,500 பிரதி, விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். விலையையே வேலியாகப் போட்டார்: இவ்வளவு கொடுத்து வாங்குகிறவர் கெட்டுப்போக மாட்டார், கெட்டுப்போகக்கூடியவரிடம் காசு இருக்காது என்பது கணக்கு.

அந்தக் கணக்கு தப்பியது சட்டத்தில். அந்தச் சிக்கலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், நூற்றாண்டு முழுவதும் பைரனை யார் படித்தார்கள் என்பதை முடிவு செய்தது அதுதான். திருட்டுப் பதிப்பு வந்தால் உரிமையாளர் சான்சரி நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். அதன் தலைவர் எல்டன் பிரபு, பழமைவாதி. அவர் எடுத்த நிலை: ஒரு நூல் சமூகத்துக்குக் கேடானதாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், அதை யாருடைய சொத்தாகவும் இந்த நீதிமன்றம் காக்காது, முதலில் வேறு நீதிமன்றத்தில் வழக்காடி உரிமையை நிலைநாட்டி வாருங்கள். 1817இல் கவிஞர் ராபர்ட் சதேயின் 'வாட் டைலர்' நாடகத்தில் இதைச் சொன்னார். 1822இல் பைரனின் 'கெய்ன்' நாடகத்தை வில்லியம் பென்போ திருடி அச்சிட்டபோது மரேக்கும் இதே பதில். வேறு நீதிமன்றம் போனால் நூல் தெய்வநிந்தனை அல்ல என்று ஜூரி முன் வாதாட வேண்டும், மாதக்கணக்கில். அதற்குள் திருட்டுப் பதிப்பு ஊரெல்லாம் விற்று முடிந்திருக்கும்.

விளைவைப் பாருங்கள். ஒழுக்கமான நூலுக்குக் காப்புரிமை உண்டு, அதனால் விலை அதிகம், அதனால் வாசகர் குறைவு. ஒழுக்கக்கேடான நூலுக்குக் காப்பு இல்லை, யாரும் அடிக்கலாம், அதனால் மலிவு, அதனால் வாசகர் ஏராளம். ஒழுக்கத்தைக் காக்கப் போட்ட விதி இங்கிலாந்திலேயே மிக மலிவான, மிகப் பரவலான கவிதைப் புத்தகமாக 'டான் ஜூவ'னை ஆக்கிவிட்டது.

திருட்டுப் பதிப்பாளர்கள் சாதாரணத் திருடர்களும் அல்ல. பலர் அரசியல் தீவிரவாதிகள். பென்போவின் கடைப் பெயரே 'பைரனின் தலை'; 1832இல் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்துத் துண்டு நூல் எழுதியவர் அதே ஆள்தான். வில்லியம் ஹோன் இன்னும் ஒரு படி மேலே போனார்: மூலநூல் வந்த 1819லேயே, பைரன் எழுதாத ஒரு 'மூன்றாம் காண்ட'த்தைத் தாமே தயாரித்து விற்றார்.

ஆறாம் காண்டத்திலிருந்து மரே கழன்றுகொள்ள, 1823இல் ஜான் ஹன்ட் வெளியிட்டார். திருடர்களை வெல்ல அவர் கண்ட வழி அவர்கள் வழியே. ஒரே நூல், ஒரே நாள், மூன்று உடம்பு: ஒன்பதரை ஷில்லிங்குக்குப் பெரிய ஆக்டேவோ, ஏழு ஷில்லிங்குக்குச் சிறியது, ஒரு ஷில்லிங்குக்கு உள்ளங்கை அளவுப் 'பொதுப் பதிப்பு'. முப்பது ஷில்லிங் பைரன் ஒரு ஷில்லிங்குக்கு இறங்க 11 ஆண்டு ஆனது.

'டான் ஜூவன்' பழைய ரசிகர்களையே பிளந்தது. அழுகைக் கவிதைகளை மனப்பாடம் செய்தவர்களுக்கு, அந்த அழுகையையே நக்கலடிக்கும் பைரன் துரோகியாகத் தெரிந்தார். பைரனின் காதலி தெரேசா குயிச்சோலி பிரெஞ்சில் படித்துவிட்டு 1821இல் இதை நிறுத்தும்படி அவரிடம் வாக்கு வாங்கினார். அடுத்த ஆண்டு அனுமதி கொடுத்தார். விமர்சகர் ஜான் கிப்சன் லாக்கார்ட் மட்டும் 'ஜான் புல்' என்ற பெயரில் 1821இல் எழுதிய திறந்த கடிதத்தில் நேர்மாறாகச் சொன்னார்: 'டான் ஜூவ'னை விடாதீர், நீர் மனமொப்பி எழுதியது இது ஒன்றுதான். பின்னால் வந்த விமர்சனம் லாக்கார்ட் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. என் கட்சியும் அதுவே.

1824 ஏப்ரல் 19 அன்று கிரேக்கத்தில் மிசோலோங்கியில் பைரன் காய்ச்சலில் இறந்தார். செய்தி லண்டனை எட்டியது மே 14. பின்னாளில் பெருங்கவிஞரான டென்னிசன், அப்போது பதினான்கு வயது, காட்டுக்குள் போய் ஒரு பாறையில் 'பைரன் இறந்துவிட்டார்' என்று செதுக்கினான். மூன்று நாள் கழித்து, பைரனின் நினைவுக்குறிப்புக் கையெழுத்துப் பிரதியை அவருடைய நண்பர்கள் மரேயின் வரவேற்பறைக் கணப்பில் போட்டு எரித்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயம் உடலை ஏற்கவில்லை. ஜூலை 12 அன்று சவ ஊர்வலம் லண்டன் தெருக்கள் வழியே வடக்கே போனது. முக்கியக் குடும்பங்கள் பல காலி வண்டிகளை மட்டும் அனுப்பின. துக்கமும் காட்ட வேண்டும், நேரிலும் வரக்கூடாது. ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் நின்று பார்த்த உழவர் கவிஞர் ஜான் கிளேர் தம்மைச் சுற்றி நின்றவர்களைக் கவனித்தார். பக்கத்தில் நின்ற ஓர் இளம்பெண் பெருமூச்சு விட்டு, "பாவம், பைரன் பிரபு" என்றாள். அவருடைய பெருமையை உண்மையில் உணர்ந்தது சாமானிய மக்கள்தான் என்று கிளேர் எழுதி வைத்தார்.

வரவேற்பறைகள் என்ன செய்தன? பைரனை வடிகட்டின. மரே 1832, 33இல் 17 தொகுதிகளாக, படங்களோடு, தொகுதிக்கு 5 ஷில்லிங் வீதம் வெளியிட்டார். 'பைரனின் அழகுகள்' போன்ற பொறுக்குத் தொகுப்புகள் பெண்பிள்ளைகளுக்குப் பரிசாகப் போயின. கடல், மலை, நிலவு எல்லாம் இருக்கும், 'டான் ஜூவன்' இருக்காது, இருந்தாலும் கப்பல் உடையும் பகுதி மட்டும். பின்னாளில் நாவலாசிரியரான சார்லட் பிராண்டி 18 வயதில், 1834 ஜூலையில் தோழிக்கு எழுதிய வாசிப்புப் பட்டியலைப் பாருங்கள்: பைரனில் 'டான் ஜூவ'னை விட்டுவிடு, 'கெய்'னையும் விடலாம், ஆனால் அது மகத்தான கவிதை, மற்றதையெல்லாம் பயமின்றிப் படி. அது மகத்தான கவிதை என்று சொல்ல அவர் முதலில் அதைப் படித்திருக்க வேண்டுமே!

விமர்சகர்களிடம் மதிப்பு இறங்கத் தொடங்கியதும் இதே ஆண்டுகளில்தான். 1831இல் மூரின் பைரன் வாழ்க்கை வரலாற்றை மதிப்பிட்ட மெக்காலே (நமக்குக் கல்விக் குறிப்பால் தெரிந்தவர், 1834இல் சென்னையில்தான் வந்து இறங்கினார்) பைரனைப் போல உதட்டைச் சுழிக்கக் கண்ணாடி முன் பழகிய, கழுத்துத்துணியைக் கழற்றிவிட்டுத் திரிந்த இளைஞர்களைக் கேலி செய்தார். அதே கட்டுரையில், அவ்வப்போது ஒழுக்க ஜன்னி காணும் பிரிட்டிஷ் மக்களைப் போல நகைப்புக்கிடமான காட்சி வேறில்லை என்றும் எழுதினார். கட்டுரையாளர் கார்லைல் 1830களில் கட்டளையே போட்டார்: பைரனை மூடு, ஜெர்மன் கவிஞர் கதேயைத் திற. இதில் வேடிக்கை, கதே பைரனைத் திறந்தே வைத்திருந்தார். 'ஃபாஸ்ட்' இரண்டாம் பாகத்தில் யூஃபோரியன் என்ற பாத்திரமாக்கி அஞ்சலி செலுத்தினார்.

ஐரோப்பாக் கண்டத்தின் கதை வேறு. அங்கே பைரன் பெரும்பாலும் பிரெஞ்சு உரைநடை மொழிபெயர்ப்பாகப் போனார். ரஷ்யக் கவிஞர் புஷ்கினும் முதலில் அப்படித்தான் படித்தார். உரைநடையாக்கும்போது துயரம் தப்பிக்கும், எதுகையில் இருக்கும் குறும்பு செத்துவிடும்.

1869இல் அமெரிக்க எழுத்தாளர் ஹேரியட் பீச்சர் ஸ்டோ, இறந்துபோன திருமதி பைரன் தம்மிடம் சொன்னதாக, பைரனுக்கும், அவருக்குத் தந்தை ஒன்றும் தாய் வேறுமான சகோதரிக்கும் இருந்த தகாத உறவை 'அட்லாண்டிக் மன்த்லி'யில் அச்சிலேற்றினார். அடி விழுந்தது பைரனுக்கு அல்ல, பத்திரிகைக்கு. சந்தாதாரர்கள் ஆயிரக்கணக்கில் விலகினார்கள். கவிஞரையும் கவிதையையும் ஒன்றாகவே படித்துப் பழகியவர்கள், அந்த ஒற்றுமை இவ்வளவு தூரம் போவதை மட்டும் ஏற்கவில்லை.

திருட்டுப் பதிப்புகள் இறங்கிய வீடுகளில் வாசிப்பு வேறு. ஏங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி எழுதியபோது குறிப்பிட்டார்: ஷெல்லிக்கும் பைரனுக்கும் வாசகர்கள் பெரும்பாலும் தொழிலாளர்களே, முதலாளி வீட்டில் இருப்பது காயடித்த குடும்பப் பதிப்பு. தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய சாசன இயக்கத்தார் பைரனை மேடைகளிலும் பத்திரிகைகளிலும் மேற்கோள் காட்டினார்கள். அவர்களுக்கு ஹரால்டின் சோகம் பெரிதில்லை. தறியுடைப்பவர்களுக்குத் தூக்கு என்ற மசோதாவை எதிர்த்து 1812 பிப்ரவரி 27 அன்று பிரபுக்கள் அவையில் பேசிய பைரன்தான் அவர்களுடையவர். கவிதையில் அவர்கள் அடிக்கடி எடுத்தது 'சைல்ட் ஹரால்ட்' இரண்டாம் காண்டத்தின் 76ஆம் பாட்டிலிருந்து ஒரு வரி. துருக்கியர் ஆட்சியில் கிடந்த கிரேக்கர்களைப் பார்த்து பைரன் கேட்பது: விடுதலை வேண்டுபவர் தாமே அடிக்க வேண்டும் என்று அறியீர்களோ?

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ், தம்மை ஒடுக்க வந்த எஜமானனோடு கட்டிப்புரண்டு சண்டையிட்டதைச் சொல்லும் அத்தியாயத்தை 1855இல் அந்த வரியோடு முடித்தார். 1863 மார்ச்சில், உள்நாட்டுப் போருக்குக் கறுப்பின ஆட்களைத் திரட்ட அவர் வெளியிட்ட அழைப்பிலும் அதே வரி இருந்தது, பைரன் பெயர் இல்லாமல். முதலில் அது அச்சேறியது 30 ஷில்லிங் விலை போட்ட அந்த 500 குவார்ட்டோக்களில்.